கண்ணுக்கு லேசர்: 25 வயதுக் கணக்கும் 60 வயதுக் கணக்கும்

"லேசர் பண்ணினா எத்தனை வருஷம் தாங்கும், அண்ணே?" கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கேள்வியே கொஞ்சம் கோணல். கண்ணாடிப் பவரைப் போக்க லேசர் சீவிய கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம், மறுபடி வளர்வதில்லை. அதிகப் பவர் இருந்தவர்களுக்குக் கால், அரை, சிலருக்கு ஒன்று வரை திரும்பி வருவது உண்டு. மற்றபடி செய்த வேலை ஆயுசுக்கும் நிற்கும். மாறிக்கொண்டே இருப்பது கண்ணின் மற்ற பாகங்கள்தான். எனவே கேட்க வேண்டியது வேறு: இன்று எனக்கு என்ன வயது, 45இல் என் கண் என்ன வேலை செய்யப்போகிறது, 60இல் அதற்கு என்ன வரும்?

புதுச்சேரியில் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். பவர் பார்ப்பதும் கண்ணாடி போட்டுக் கொடுப்பதும் என் வேலை. அறுவை சிகிச்சை டாக்டர்கள் பாடு. ஒருவர் லேசர் செய்துகொண்டால் எனக்கு ஒரு ஃபிரேம் வியாபாரம் போகும். அந்த அளவுக்கு என் பேச்சைத் தள்ளுபடி செய்தே வாசியுங்கள். ஆனால் லேசர் செய்தவர்களும் 40 தாண்டியதும் படிக்கிற கண்ணாடி வாங்க இங்கேதான் வருகிறார்கள் என்பதால் எனக்கு லேசர் மீது பகையில்லை.

கண்ணுக்குள் ஒளியை வளைப்பவை இரண்டு: முன்னால் இருக்கும் கருவிழி, உள்ளே இருக்கும் லென்ஸ். வளைக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கருவிழியுடையது. லேசர் முறைகளான லேசிக், பி.ஆர்.கே., ஸ்மைல் மூன்றும் கை வைப்பது கருவிழியில் மட்டும். வயசு கை வைப்பதோ லென்ஸில். இளமையில் லென்ஸ் இளகி இருப்பதால் பக்கத்துப் பொருளைப் பார்க்கும்போது தானே புடைத்துக்கொள்கிறது. பாகு ஆற ஆற இறுகுவதைப்போல அது வருஷா வருஷம் இறுகிக்கொண்டே வந்து, 40 வாக்கில் பக்கத்து எழுத்து மங்கத் தொடங்கும். அதுதான் வெள்ளெழுத்து. 60 வாக்கில் புடைக்கும் சக்தி ஏறக்குறையத் தீர்ந்துவிடும். அதை ஒட்டியே புரையும் வரும். லேசர் இவை இரண்டையும் தள்ளிப்போடாது, சீக்கிரமாக வரவழைக்கவும் செய்யாது. மூன்றாவதாக, கண்ணின் பின்சுவரில் இருக்கும் விழித்திரை. மைனஸ் பவர்காரர்களின் கண் உருண்டை முன்பின்னாக நீண்டிருக்கும். முன்பக்கத்தைச் சீவுவதால் அந்த நீளம் குறையாது. இதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த லேசரின் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சென்னையில் 1929இல் பிறந்து, அங்கேயே பல்கலைக்கழகப் படிப்பை முடித்து அமெரிக்கா போன ரங்கசுவாமி சீனிவாசன். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1981இல் பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரைப் பாய்ச்சியபோது, சுற்றியுள்ள திசு கருகாமல் சுத்தமாக வெட்டு விழுவதை அவரும் உடன் வேலை பார்த்த ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் இருவரும் கண்டார்கள். அது கண்ணுக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. 1995இல்தான் பி.ஆர்.கே. லேசருக்கு அனுமதி கொடுத்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வருஷம் 25 வயதில் லேசர் செய்துகொண்டவருக்கு இப்போது 55க்கு மேல். லேசர் பார்த்த கண்கள் மொத்தமாக முதுமைக்குள் நுழைவதும் புரை அறுவைக்கு வருவதும் இந்தக் காலத்தில்தான். விளம்பரப் பலகையில் சிரிக்கும் முகம் எப்போதும் இளசாக இருப்பதால் இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி ஆட்களை வைத்துப் பேசலாம். ஒரே பதில் எல்லோருக்கும் பொருந்தாது.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். வயது 24, இரு கண்ணிலும் மைனஸ் 5, கொஞ்சம் சிலிண்டர் (வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாததால் வரும் பவர்). வீட்டில் வரன் பார்க்கிறார்கள்; "கண்ணாடியோட போட்டோ அனுப்பாதே" என்று தரகர் சொன்னாராம். காரணம் எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும், வயதும் பவரும் லேசருக்குத் தோதானவை. ஒரு வருஷமாவது பவர் மாறாமல் நின்றிருக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் செய்யக்கூடாது. பவர் அப்போது ஆடும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் பரிசோதனைக்கு முன்பே, லென்ஸின் வகையைப் பொறுத்து, ஒன்றிரண்டு வாரமோ அதற்கு மேலோ கழற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸ் கருவிழியின் வடிவத்தை அழுத்தி மாற்றி வைத்திருக்கும். இதெல்லாம் சரியென்றால் அவளுக்குக் கண்ணாடியில்லாத 16, 18 வருஷம் கிடைக்கும். அது நல்ல பேரம்.

அவள் விஷயத்தில் முதுமையை முடிவு செய்வது கருவிழியின் தடிமன். சராசரியாக 520 முதல் 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு பவர் குறைக்கச் சுமாராக 12 முதல் 15 மைக்ரான் சீவ வேண்டும். லேசிக்கில் மேலே ஒரு மூடி தூக்குவார்கள். அதற்கு 100, 110 மைக்ரான். மைனஸ் 5க்கு 75 சீவி, மூடிக்கு 110 கழித்தால் 520இல் 335 மிஞ்சும். அடியில் 250க்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. பல டாக்டர்கள் இப்போது 300 இருந்தால்தான் நிம்மதி என்பார்கள். இதே கணக்கை மைனஸ் 9க்குப் போட்டுப் பாருங்கள்: 135, 110 கழித்தால் 275. விதிப்படி இடிக்கவில்லை, ஆனால் ஓரத்தில் நிற்கிறது. அளவுக்கு மேல் மெலிந்த கருவிழி கண்ணின் அழுத்தம் தாங்காமல் மெல்ல முன்னுக்குப் பிதுங்கலாம். எக்டேசியா என்கிறார்கள். அது மறுநாளே வருவதில்லை. வருஷங்கள் கழித்துத் தலைகாட்டும். தடிமன் போதுமானதாக இருந்தாலும், கருவிழியின் வரைபடத்தில் கூம்பும் சாயல் தெரிந்தால் நல்ல டாக்டர் "வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திருப்பி அனுப்பும் இடத்தை நம்புங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். லேசருக்குப் பிறகும் கசக்கக் கூடாது, 50 வயதிலும்.

மூன்று முறைகளில் எது என்றால், 20 வருஷம் கழித்துப் பார்க்கும்போது வித்தியாசம் விளம்பரம் சொல்லும் அளவுக்குப் பெரிதல்ல. பி.ஆர்.கே.யில் மூடி கிடையாது. மேல்தோலை நீக்கிவிட்டுச் சீவுவார்கள். மூன்று நாலு நாள் எரிச்சலும் வலியும் இருக்கும், பார்வை தெளிய வாரக்கணக்கில் ஆகும், நம்மூர் வெயிலுக்குச் சில மாதம் கூலிங் கிளாஸ் கட்டாயம். ஆனால் மெல்லிய கருவிழிக்கும், கபடி, குத்துச்சண்டை, போலீஸ் வேலை என்று முகத்தில் அடிபட வாய்ப்புள்ளவர்களுக்கும் அதுதான் பத்திரம். லேசிக்கில் மறுநாளே பார்வை பளிச். ஆனால் அந்த மூடி பழைய பலத்தோடு ஒட்டுவதேயில்லை, பல வருஷம் கழித்தும் பலத்த அடியில் நகர்ந்தவர்கள் உண்டு. ஸ்மைலில் சின்ன வெட்டு வழியே உள்ளிருந்து ஒரு தகட்டை உருவுகிறார்கள். நரம்புகள் குறைவாக வெட்டுப்படுவதால் ஆரம்பத்தில் கண் உலர்வது குறைவு. பின்னாளில் மிச்சப் பவருக்கு மறுபடி சீவ வேண்டிவந்தால் லேசிக்கைப்போலச் சுலபமில்லை. எனக்கென்றால் மெஷினின் பெயரைவிட, அந்த மெஷினில் உட்கார்ந்திருப்பவர் எத்தனை பேரை வேண்டாமென்று அனுப்பினார் என்பதே முக்கியம்.

மைனஸ் 9, 10 என்றால் கருவிழியைச் சீவாமல், கண்ணுக்குள் சொந்த லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய லென்ஸை வைக்கும் ஐ.சி.எல். உண்டு. பிடிக்கவில்லையென்றால் எடுத்துவிடலாம், கருவிழி அப்படியே இருக்கும், பின்னாளில் புரை அளவீட்டுக்கும் தொந்தரவு குறைவு. கண்ணுக்குள் திறந்து செய்யும் வேலை என்பதும், வருஷா வருஷம் அந்த லென்ஸுக்கும் சொந்த லென்ஸுக்கும் உள்ள இடைவெளியையும் கருவிழியின் உட்புறச் செல்களையும் பார்க்க வேண்டும் என்பதும் அதன் விலை. சிலருக்குப் புரை சற்று முன்னதாகவே வரலாம். ரூபாயிலும் இதுதான் பெரிய செலவு.

கான்டாக்ட் லென்ஸை யாரும் லேசரோடு ஒப்பிடுவதில்லை, ஒப்பிட வேண்டும். ஒரு நாளில் ஆபத்தில்லாதது, 20 வருஷம் தினமும் போட்டால் கணக்கு வேறு. போட்டபடி தூங்குவது, குழாய்த் தண்ணீரில் கழுவுவது, சில்வர் பீச்சில் லென்ஸோடு அலையில் இறங்குவது, எல்லாமே கருவிழியில் புண் வர வழி. ஒழுங்காக வைத்துக்கொள்பவருக்கு அது நல்ல வழி. சோம்பேறிக்கு லேசரைவிட ஆபத்து.

இடையில் ஒன்று. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிக்கும் தம்பிகள் கவனிக்க: லேசிக்கோ பவரைத் திருத்தும் வேறு எந்த அறுவையோ செய்தவர் அந்த வேலைக்குத் தகுதியில்லை என்று தேர்வு அறிவிப்பிலேயே போட்டிருக்கிறது. "கண்ணாடி இருந்தா வேலை கிடைக்காது, லேசர் பண்ணிக்கோ" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்வதைக் கேட்டுப் போகாதீர்கள். செய்த பிறகு திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அடுத்தவர் 42 வயது பத்தர். நகைப் பட்டறையில் கல் பதிக்கிறார். மைனஸ் 2.5. பைக் ஓட்டக் கண்ணாடி போடுவார், பட்டறையில் உட்கார்ந்ததும் கழற்றிச் சட்டைப் பையில் வைப்பார். "இந்தப் போடுறது கழட்டுறதுல இருந்து விடுதலை வேணும்ணே" என்றார். லேசரில் ஏமாற்றமடைபவர்கள் பெரும்பாலும் இந்த ரகத்தவர்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

மைனஸ் 2.5 என்றால், கண்ணாடி இல்லாமல் 40 சென்டிமீட்டர் தூரத்தில் எல்லாமே தெளிவு. 100ஐப் பவரால் வகுத்தால் வரும் தூரம் அது. புத்தகம், செல்போன், மருந்து அட்டையின் தேதி எல்லாம் அந்தத் தூரத்தில்தான் இருக்கின்றன. லென்ஸில் மிஞ்சியிருக்கும் சக்தியையும் சேர்த்தால் அதற்கும் கிட்டே, கல் பதிக்கும் தூரத்துக்கு, அவர் சிரமமில்லாமல் வருவார். வெள்ளெழுத்துக்கு மருந்தை இயற்கை அவருக்கு இலவசமாகவே கொடுத்திருக்கிறது. லேசர் அந்த 2.5ஐச் சீவி எடுத்துவிட்டால், பைக் ஓட்டக் கண்ணாடி வேண்டாம், பட்டறையில் வேண்டும். ஒரு நாளில் பைக் ஓட்டுவது எவ்வளவு நேரம், கல் பதிப்பது எவ்வளவு நேரம்?

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தூரத்துப் பவர் சரியாக உள்ள கண்ணாடியைக் கழற்றாமல், ஒரு வாரம் எல்லா வேலையும் செய்யுங்கள். மாத்திரை அட்டையைப் படியுங்கள், ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள், மங்கிய வெளிச்சத்தில் ஓட்டல் பில்லைப் பாருங்கள். லேசருக்குப் பிறகு உங்கள் பக்கத்துப் பார்வை ஏறக்குறைய அதுதான். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருக்கும்: மைனஸ் கண்ணாடி கண்ணிலிருந்து தள்ளி மூக்கில் உட்கார்ந்திருப்பதால் பக்கத்தில் பார்ப்பதில் ஒரு சின்னச் சலுகை தருகிறது, லேசருக்குப் பிறகு அந்தச் சலுகை போய்விடும். 38க்கு மேல் யார் லேசர் பற்றிக் கேட்டாலும் இந்தச் சோதனையைத்தான் சொல்கிறேன்.

மோனோவிஷன் என்று ஒரு சமரசம் இருக்கிறது. ஒரு கண்ணைத் தூரத்துக்கு முழுமையாகத் திருத்தி, மற்றதில் மைனஸ் 1.25, 1.5 அளவுக்கு விட்டுவைப்பது. மூளை எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளும். பழகியவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். பழகாதவர்களுக்கு ஆழம் கணிப்பது தடுமாறும், இரவில் வண்டி ஓட்டுவது சிரமம். லேசருக்கு முன் கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஒத்திகை பார்க்காமல் யாரும் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பத்தர் ஒத்திகை பார்த்தார். பட்டறைக்குப் போனவர் மறுநாளே லென்ஸைக் கழற்றிவிட்டு வந்து, லேசான ஃபிரேமில் ஒரு கண்ணாடி போடச் சொன்னார்.

அதே 42 வயதில் மைனஸ் 6 என்றால் என் பதில் வேறு. அவருக்குக் கண்ணாடியில்லாமல் தெளிவாகத் தெரிவது 17 சென்டிமீட்டரில்; மூக்கோடு ஒட்டிப் படிக்க வேண்டும். அந்த இலவச மருந்து அவருக்கு உபயோகமில்லை. காலையில் எழுந்து கண்ணாடியைத் தடவித் தேடுகிறவருக்கு, லேசருக்குப் பிறகு படிக்க மட்டும் ஒரு ப்ளஸ் கண்ணாடி என்பது பெரிய முன்னேற்றம்தான். ப்ளஸ் பவர்காரர்களோ 40 தாண்டினால் தூரமும் போய்ப் பக்கமும் போய் அவதிப்படுவார்கள். அவர்களுக்கு லேசர் திருத்தம் மைனஸ்காரர்களுக்கு நிற்பதுபோல உறுதியாக நிற்பதில்லை. 50ஐ நெருங்கும் ப்ளஸ்காரருக்கு, இறுகிய லென்ஸையே எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது பற்றி டாக்டரிடம் பேசலாம். அதிக மைனஸ் உள்ள இளையவருக்கு அதே சிகிச்சையில் விழித்திரை பிரியும் ஆபத்து கூடும் என்பதால் அவசரம் கூடாது.

58 வயதில் லேசர் கேட்டு வந்தவரும் உண்டு. பிள்ளை துபாயிலிருந்து பணம் அனுப்பியிருக்கிறான், அப்பாவுக்குக் கண்ணாடியை ஒழிக்க வேண்டுமாம். அந்த வயதில் லேசர் வீண். சில வருஷத்தில் எப்படியும் புரை எடுக்க வேண்டிவரும்; அப்போது வைக்கும் லென்ஸிலேயே பழைய பவரையும் சரிசெய்துவிடுவார்கள். அதுவரை கண்ணாடி.

இன்னொருவர் 30 வயதில் லேசர் செய்தவர். இப்போது 60க்குப் பக்கம். "பழைய பவர் திரும்ப வந்துடுச்சு, மறுபடி சீவணும்" என்று வந்தார். பார்த்தால் மைனஸ் 1.5 ஏறியிருக்கிறது, ஆனால் படிக்கிற கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார். கருவிழி திரும்பியதல்ல அது. லென்ஸின் நடுப்பகுதி புரையால் கெட்டியாகும்போது கண் மைனஸ் பக்கம் நகரும். லேசர் செய்யாதவர்களுக்கும் இது நடக்கும். இதைக் கவனிக்காமல் கருவிழியை மறுபடி சீவினால், புரை எடுத்த பிறகு எல்லாம் தாறுமாறாகிவிடும். அவரை தவளக்குப்பம் அரவிந்துக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ போய்ப் புரையைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

புரை அறுவையில்தான் பழைய லேசரின் பில் வருகிறது. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். வழக்கமான கணக்கு, கருவிழியின் முன்பக்கமும் பின்பக்கமும் இயல்பான விகிதத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். லேசர் முன்பக்கத்தை மட்டும் தட்டையாக்கியிருப்பதால் அந்தக் கணக்கு தவறும். மைனஸுக்கு லேசர் செய்தவர், புரை எடுத்ததும் எதிர்பாராத ப்ளஸ் பவரோடு எழுந்து, தூரமும் பக்கமும் மங்கலாக நிற்பார். இதற்கென்றே பேரட் ட்ரூ-கே, ஹைகிஸ்-எல் போன்ற தனிச் சூத்திரங்கள் வந்துவிட்டன. நன்றாகவே வேலை செய்கின்றன. லேசருக்கு முந்தைய அளவுகள் கையில் இருந்தால் டாக்டருக்கு இன்னும் உதவி. தூரமும் பக்கமும் சேர்த்துத் தரும் மல்டிஃபோகல் லென்ஸ் லேசர் பார்த்த எல்லாக் கண்ணுக்கும் ஒத்துவராது என்பதையும் 30 வயதிலேயே தெரிந்துவைப்பது நல்லது.

ஆகவே காகிதம். லேசருக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், வரைபடம், எவ்வளவு சீவினார்கள் என்ற விவரம், எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள். மெஷினிலிருந்து சுருளாக வரும் சின்னச் சீட்டு வெப்பக் காகிதம்; ஒரு கோடை பீரோவில் இருந்தால் வெள்ளைத் தாளாகிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுங்கள். 2015 வெள்ளத்தில் கடலூரிலும் 2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியிலும் எத்தனை வீட்டு பீரோக்களில் தண்ணீர் புகுந்தது என்று நமக்குத் தெரியும். போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். லேசர் செய்த கண்ணை வெளியிலிருந்து பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கண் டாக்டரிடம் போனாலும், எத்தனை வருஷமானாலும், முதல் வார்த்தை "லேசர் பண்ணியிருக்கேன்" என்பதாக இருக்கட்டும். கண் அழுத்தம் பார்க்கும் கருவியும் மெலிந்த கருவிழியில் குறைத்தே காட்டும். அழுத்தம் அதிகமாக இருந்தும் சரியாக இருப்பதாகத் தோன்றி, கண்ணழுத்த நோய் தப்பிவிடக்கூடும். மைனஸ்காரர்களுக்கு அந்த நோய் வர வாய்ப்பே சற்றுக் கூடுதல்.

லேசருக்குப் பிறகு வரும் கண் உலர்வையும் கூசலையும் பற்றி அமெரிக்க எஃப்.டி.ஏ.வே ஆய்வு நடத்தியது. கேட்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாம் மாதத்தில் ஒளிவட்டம், சிதறல் மாதிரி புதிதாக ஏதோ ஒன்று தெரிவதாகச் சொன்னார்கள். அன்றாட வேலையே சிரமம் என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. கடலூர் ரோட்டில் இரவு எதிரே வரும் தனியார் பஸ்ஸின் ஹைபீமில் பைக் ஓட்டுகிறவருக்கு அந்த ஒளிவட்டம் ஆபீஸ் வேலைக்காரருக்கு இருப்பதுபோல் இருக்காது. உலர்வு பெரும்பாலோருக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்தில் தணியும். ஆனால் மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்குக் கண் இயல்பாகவே உலரும், சர்க்கரையும் உலர்த்தும். ஏற்கெனவே மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறவர் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் லேசர் பற்றி யோசிக்க வேண்டும்.

பணம். மருத்துவக் காப்பீடு 7.5க்குக் குறைந்த பவருக்குச் செய்யும் திருத்தத்துக்குப் பொதுவாகக் கொடுக்காது. அது பாலிசியின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கும். லேசர் செய்தால் கண்ணாடிச் செலவே இல்லை என்று 24 வயதில் கணக்குப் போடாதீர்கள், 42இலிருந்து ப்ளஸ் கண்ணாடி உண்டு. ஆனால் அது சாதாரண சிங்கிள் பவர், மலிவு. மைனஸோடு வயதாகிறவர்தான் தூரமும் பக்கமும் ஒரே கண்ணாடியில் தரும் ப்ரோக்ரஸிவ் வாங்க வேண்டியிருக்கும். என் கடையில் லாபம் வருவதும் அதில்தான்.

விழித்திரைக்கு வருகிறேன். மைனஸ் 6 இருந்து லேசர் செய்து கண்ணாடியைத் தூக்கிப்போட்டவர், தன் கண் இப்போது நல்ல கண் என்று நினைத்துவிடுகிறார். பின்பக்கம் நீண்ட கண் நீண்டபடியே இருக்கிறது, விழித்திரை மெலிந்தபடியே. திடீரென்று பூச்சி பறப்பதுபோலப் புள்ளிகள் கூடினாலோ, ஓரத்தில் மின்னல் வெட்டினாலோ, திரை இறங்குவதுபோல நிழல் விழுந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ள முடியாத விஷயம் இது. எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மட்டும் பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள். சொட்டு விட்ட கண்ணுக்கு நாலைந்து மணி நேரம் எதுவும் சரியாகத் தெரியாது.